டப்பாவைத் திருப்பிப் படி!

மாமா, லோ-கார்ப் டயட்டில் இருக்கிறேன். எந்த புரோட்டீன் பவுடர் வாங்கலாம்?
(ஜிம் போகும் தம்பி, அமிர்தி)

டப்பாவின் முன்பக்கம் விளம்பரம் பேசும்; பின்பக்கம்தான் வாக்குமூலம் தரும். திருப்பு. 30 கிராம் ஸ்கூப் என்றால் புரதம் 24 கிராமுக்குக் குறையக்கூடாது, கார்போ, அதாவது மாவுச்சத்து, 3 கிராமைத் தாண்டக்கூடாது. இந்த இரண்டு எண்ணும் பாஸானால் பிராண்டு பெயரைப் பார்க்கலாம்.

கான்சன்ட்ரேட், ஐசோலேட் என்று கடைக்காரர் குழப்புகிறாரே?
(கண்ணமங்கலம் வாசகர்)

பாலைத் திரித்துச் சீஸ் எடுத்தபின் மிஞ்சும் நீர்தான் 'வே'; இந்தப் பவுடர்களின் மூலப்பொருள். வடிகட்டி உலர்த்தினால் கான்சன்ட்ரேட்: நூற்றுக்கு 80 வரை புரதம், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். மேலும் வடிகட்டினால் ஐசோலேட்: புரதம் 90ஐத் தொடும், லாக்டோஸ் கிட்டத்தட்ட காலி. பால் குடித்தால் வயிறு கடமுடா என்கிறவர் ஐசோலேட் வாங்கட்டும். மற்றவர்கள் அந்தக் கூடுதல் காசுக்கு முட்டை வாங்கலாம்.

எடை ஏற்றும் 'மாஸ் கெயினர்' பவுடரை நண்பன் சிபாரிசு செய்கிறான்.
(வேலூர் கல்லூரி மாணவர்)

அதில் பெரும்பங்கு மால்டோடெக்ஸ்ட்ரின். மாவுச்சத்தை உடைத்துச் செய்த பொடி. நாக்குக்கு அவ்வளவாக இனிக்காது. ரத்தத்தில் சர்க்கரையை மட்டும் சர்ரென்று ஏற்றும். சோற்றைத் தட்டில் விட்டுவிட்டு டம்ளரில் குடிக்கச் சொல்கிறான் உன் நண்பன்.

'நோ ஆடட் சுகர்' என்று போட்டிருந்தால் நிம்மதிதானே?
(போளூர் வாசகி)

'சுகர்' வரியோடு நிற்காதே தாயி, அதற்கு மேலே 'கார்போஹைட்ரேட்' வரியைப் பார். அங்கேதான் மால்டோடெக்ஸ்ட்ரின் உட்கார்ந்திருப்பான். சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் செயற்கை இனிப்பை நம்பி எடை குறைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2023இல் சொல்லிவிட்டது. சுவையூட்டாத பவுடர் வாங்கி, கெட்டி மோரில் கலக்கு.

எங்கள் மலைச் சாமை இருக்க, பவுடர் எதற்கு?
(ஜமுனாமரத்தூர் விவசாயி)

ஜவ்வாது மலைச் சாமை மேல் எனக்கும் பாசம் உண்டு ஐயா. ஆனால் கணக்கு பாசம் பார்க்காது. 100 கிராம் சாமையில் மாவுச்சத்து சுமார் 65 கிராம், புரதம் 10. அரிசியில் 78-ம் 8-ம். அரிசியை ஜெயிக்கும், லோ-கார்ப் பரீட்சையில் தோற்கும். மலைத்தேன் இன்னும் மோசம்: 100 கிராமில் 80 கிராம் சர்க்கரை.

கொழுத்தவனுக்குக் கொள்ளு என்கிறார்களே?
(அமிர்தி அக்கா ஒருவர்)

100 கிராமில் 22 கிராம் புரதம், அதுவரை கொள்ளு கெட்டிக்காரன். கூடவே 57 கிராம் மாவுச்சத்தும் வருகிறது. மாலையில் ஒரு கைப்பிடி சுண்டல் தின்னலாம். கிலோக்கணக்கில் தின்ன, குதிரையாகப் பிறந்திருக்க வேண்டும்.

அமிர்தி மிருகக்காட்சிசாலை மான் வெறும் தழை தின்றே கட்டுமஸ்தாக இருக்கிறதே?
(ஏழாம் வகுப்பு மாணவன்)

சபாஷ்! மான் அசைபோடும் பிராணி. அதன் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் தழையைத் தின்று பெருகுகின்றன; பிறகு அவையே மானுக்குப் புரதமாகின்றன. உன் வயிற்றில் அந்தத் தொழிற்சாலை இல்லை. முட்டையைத் தின்னு.

சோற்றைக் குறைக்கச் சொன்ன முதல் ஆள் யார்?
(ஆரணி வாசகர்)

முதல் ஆள் யாரோ, ஊரறியச் சொன்ன ஆள் லண்டனில் ஈமச்சடங்கு நடத்தும் தொழில் செய்த வில்லியம் பான்டிங். ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரையை விட்டு எடை குறைத்த கதையை 1863இல் சிறுநூலாகப் போட்டார். தன்னுடைய சடங்கை 81 வயது வரை தள்ளிப்போட்டார்.

பேலியோ டயட்டில் 100 பாதாம் சொல்கிறார்கள். பவுடர் மேலா, பாதாம் மேலா?
(சென்னை வாசகர்)

100 பாதாம் கிட்டத்தட்ட 120 கிராம். புரதம் 25 கிராம், கலோரி 700. ஒரு ஸ்கூப் வேயில் அதே புரதம், சுமார் 120 கலோரி. காலைச் சாப்பாடே பாதாம்தான் என்றால் சரி. இட்லியும் தின்று பாதாமும் கொறித்தால், அது டயட் அல்ல, சீர்வரிசை.

டப்பாவில் போட்ட எண்ணை நம்பலாமா?
(வேலூர் ஜிம் பயிற்சியாளர்)

நல்ல இடத்தில் கை வைத்தாய். 2024இல் கேரளத்தின் ராஜகிரி மருத்துவமனை மருத்துவர்கள், இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்த ஆய்வு வெளியானது. சுமார் 70 சதவீதத்தில் லேபிளும் சரக்கும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது.

தில்லுமுல்லு எப்படி? ஆய்வகத்தில் வழக்கமாக நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்பார்கள். கிளைசின் என்ற மலிவான அமினோ அமிலத்தைக் கலந்தால் நைட்ரஜன் ஏறும், உடம்பு ஏறாது. ஆகவே சேர்மானப் பட்டியலில் கிளைசின், டாரின் தனியாகத் தலைகாட்டினால் கீழே வை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இல்லாத டப்பாவைத் தொடாதே. உன்னை நம்பி வாங்கும் பையன்களுக்கும் இதைச் சொல்.

ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் வேண்டும்?
(திருவண்ணாமலை வாசகர்)

ஐ.சி.எம்.ஆர். கணக்கு, கிலோ எடைக்கு 0.83 கிராம். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். மூன்று முட்டை 18, 100 கிராம் பனீர் 18, ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7, ஒரு கிண்ணம் தயிர் 6. டப்பாவைத் திறக்காமலே 49! உடம்பு ஏற்ற புரதப் பவுடர் வேண்டாம் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. சமையலறையில் கணக்கு இடித்தால் மட்டும் பவுடருக்குப் போ.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். நான் குடிக்கும் பவுடரையே கொடுத்து, சோற்றையும் நிறுத்திவிடலாமா?
(அமிர்தி மகள்)

நிறுத்தாதே மகளே. இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர் திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். டாபாகிளிஃபிளோசின் வகை மாத்திரை என்றால் ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்தும் உண்டு. சிறுநீரகம் பழுதாகியிருந்தால் கூடுதல் புரதமே சுமை. கிரியேட்டினின் சோதனை எடுத்து, மருந்துச் சீட்டோடு அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போ. அவர் சரி என்று சொல்லும்வரை அம்மாவுக்கு அந்த டப்பா வேண்டாம்.