உதவி மருத்துவருக்கு ஒரு உபதேசம்

வாங்க டாக்டரய்யா, இப்படித் திண்ணையில உக்காருங்க. மயக்க மருந்துல எம்.டி. முடிச்சும் ஆஸ்பத்திரி போர்டுல உங்க பேருக்குக் கீழ 'உதவி மருத்துவர்'னுதான் போட்டுருக்காம்ல? அடப்பாவமே! பேரு நீளமா வேணும்னா பெயின்டரப் பாரு, ராசா. அவன் கலெக்டர்னு கூட எழுதிக் குடுப்பான்.

திண்டுக்கல் பெரியாஸ்பத்திரி 2022 ஜனவரியில மெடிக்கல் காலேஜா மாறிருச்சு. அங்க பேராசிரியருங்க நெறஞ்சுட்டாக, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிங்கிற பட்டம் பழனிக்குப் போச்சு. உனக்குக் கெடச்சது தாலுகா ஆஸ்பத்திரி. அதுக்கா மூஞ்சிய இம்புட்டுத் தூக்கி வச்சிருக்க? ராத்திரி ரெண்டு மணிக்கு 108 வண்டி ஒரு புள்ளத்தாச்சிய எறக்குது. டாக்டரம்மா கத்தியத் தொடணும்னா மொதல்ல நீ முதுகுல ஊசி போடணும். பேராசிரியரு வர்ற வரைக்கும் வயித்துப்புள்ள பொறுத்துக்குமா?

நன்றிய மட்டும் எதிர்பாக்காத. பத்து வருசம் கழிச்சு இடுப்பு வலிச்சாலும் 'அன்னிக்குப் போட்ட ஊசிதான்'னு உன்னையத்தான் வைவாளுக. மறுநா காலையில வார்டுக்குப் போயி ஊசி போட்ட பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை பேசிரு. பாதி வலி அங்கயே போயிரும். ராத்திரி டூட்டி நர்சம்மாவுக்கு மூச்சுக்குழாய் சாமானை எடுத்துவைக்கச் சொல்லிக்குடு. நீ தூங்குறது அவுக கையில இருக்கு.

ஒட்டன்சத்திரம் சந்தையில மண்டி போர்டுல மொதலாளி பேருதான் இருக்கும். முருங்கைக்கா முத்தலா பிஞ்சான்னு தொட்டுச் சொல்றவன் வேற ஆளு. அதே ஊருல 1955ல ஆஸ்பத்திரி ஆரம்பிச்ச தாரியன் டாக்டர ஊரு இன்னும் சொல்லுது. அவரு பட்டத்தையா சொல்லுது?

அதுக்காகச் சாமியாராப் போயிராத. சம்பள உயர்வுக்காக நம்ம சர்க்கார் டாக்டருங்க 2019 அக்டோபர்ல வேலைநிறுத்தமே செஞ்சாக. சங்கத்துக்குச் சந்தாவக் கட்டு. மேல படிக்கவும் வழியிருக்கு, சூப்பர் ஸ்பெஷாலிட்டி படிப்புல பாதி சீட்டு சர்க்கார் டாக்டருகளுக்குன்னு 2020ல நம்ம அரசாணை வந்துச்சு. 2022 மார்ச்சுல உச்ச நீதிமன்றமும் அதுக்கு வழிவிட்டுருச்சு. இதெல்லாம் டீக்கடைப் பேப்பர் படிக்கிற எனக்குத் தெரியுது, செல்லுலயே குடியிருக்கிற உனக்குத் தெரியல! 'கன்சல்டன்ட்'ங்கிற பெரிய பட்டம் கெடைக்காம வருசக்கணக்கா ஒழைக்கிற ஸ்பெஷாலிட்டி டாக்டருக இங்கிலாந்துலயும் இருக்காக. அவுகளுக்கு 2021லதான் 'ஸ்பெஷலிஸ்ட்'னு மேல ஒரு படி கட்டுனாக. வெள்ளக்காரனே அம்புட்டு மெதுவு.

அதனால ஒரு நோட்டுப் போடு. எத்தனை கேசு, எதுல சிக்கலு, யார மதுரைக்கு அனுப்புன, ஏன் அனுப்புன, எல்லாத்தையும் தேதியோட எழுது. மதுரைக்கு அனுப்ப வேண்டிய கேச வீம்புக்குப் புடிச்சு வச்சுக்காத. மேல படிக்கப் போனாலும், காலேஜுக்கு மாறிப் போனாலும், நாளைக்கு எவனாச்சும் புகார் குடுத்தாலும் உனக்காகப் பேசப்போறது அந்த நோட்டுதான். இன்னிக்கு ராத்திரி டூட்டியில இருந்தே ஆரம்பி.