இறக்கத்தில் கியர் யார் கையில்?

கேமரன் மலையில் லோரி ஓட்டுபவர்களும் அவர்கள் வீட்டாரும் இம்முறை அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் கியரையும் இறக்கத்தையும் பற்றியவை. மற்ற கேள்விகள் அடுத்த வாரம் வரை பொறுக்கட்டும்.

*ஐயா, பாரமான லோரிக்கு ஆட்டோவா, மேனுவலா? சுருக்கமாகச் சொல்லுங்கள்.*
– லோரி ஓட்டுநர், ரிங்லெட்

ஏறும்போது பெரும்பாலும் ஆட்டோ. இறங்கும்போது நீங்கள்.

*லோரியில் இருக்கும் ஆட்டோவும் காரில் இருக்கும் ஆட்டோவும் ஒன்றுதானா?*
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஹாபு

பெரும்பாலும் இல்லை, டீச்சர். இன்றைய பெரிய லோரிகளில் ஆட்டோ என்று சொல்வதன் உள்ளே இருப்பது பழைய பல்சக்கரமும் பழைய கிளட்ச் தட்டும்தான். காலுக்கு இருந்த மூன்றாவது மிதி போய்விட்டது. கிளட்ச்சை அமுக்குவதையும் கியரை மாற்றுவதையும் கணினி சொல்லக் காற்றழுத்தம் செய்கிறது. வோல்வோ 2001இல் கொண்டுவந்த ஐ-ஷிஃப்ட் இந்த வகை. முன்னோக்கிச் செல்ல அதில் 12 கியர்.

இன்னொரு வகையில் அந்தக் கிளட்ச் தட்டு கிடையாது. எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் எண்ணெய் சுழன்று விசையைக் கடத்தும். அலிசன் பெட்டிகள் அப்படிப்பட்டவை. தீயணைப்பு வண்டியிலும் சுரங்க லோரியிலும் பார்க்கலாம். நின்ற இடத்திலிருந்து பாரத்தோடு மேட்டில் கிளம்ப அதற்கு இணை இல்லை. விலையும் அதற்கேற்றபடி.

*என் ஆட்டோ லோரி ஏற்றத்தில் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே திண்டாடுகிறது. கோளாறா?*
– காய்கறி லோரி ஓட்டுநர், கம்போங் ராஜா

கோளாறு இல்லை, தம்பி. சரிவையும் பாரத்தையும் அது உணரும். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சற்றே சமதளம் வந்ததும் ஐந்துக்குப் போகிறது, அடுத்த மேட்டைக் கண்டதும் நாலுக்கு ஓடி வருகிறது. அந்தச் சாலையை ஆயிரம் முறை பார்த்தவர் நீங்கள். கைமுறைக்கு மாற்றி நாலிலேயே பிடித்து வையுங்கள். வரப்போகும் மேடு பள்ளத்தை ஜிபிஎஸ் கொண்டு முன்கூட்டியே அறிந்துகொள்ளும் லோரிகளும் இப்போது உண்டு. உங்கள் லோரி பழையது என்றால் அந்த வேலைக்கு நீங்கள்தான்.

இன்னொன்று. பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங் நெரிசலில் மேட்டில் நிற்கும்போது எண்ணெய் மிதித்தபடி லோரியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். மிதி இல்லை என்பதற்காகக் கிளட்ச் தட்டு தேயாமல் இருக்காது. பிரேக்கைப் போட்டு நில்லுங்கள்.

*இறக்கத்தில் ஃப்ரீ கியரில் விட்டால் டீசல் மிச்சம் என்கிறார்களே?*
– உதவியாள், தாப்பா

செங்குத்தான இறக்கத்தில் ஒரு சொட்டும் மிச்சமில்லை. கியரில் இருக்கும் லோரியில் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தால் இன்றைய டீசல் எஞ்சின் எரிபொருளை முழுதாக நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. ஃப்ரீயில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கவே டீசல் குடிக்க வேண்டும். காசும் போகும், எஞ்சின் பிடியும் போகும். புதிய லோரிகள் சில தாமாகவே நியூட்ரலுக்குப் போவது லேசான சரிவுக்கான ஏற்பாடு. தாப்பா சாலைக்கு அது வேண்டாம்.

*என் வீட்டுக்காரர் பத்து டன் லோரி ஓட்டுகிறார். சில நாள் சட்டையில் கருகல் வாடை. கேட்டால் “பிரேக் கொஞ்சம் சூடாச்சு” என்கிறார். நான் பயப்பட வேண்டுமா?*
– குடும்பத் தலைவி, தானா ராத்தா

ஆமாம், தங்கச்சி. அந்த வாடையை அவரை விட நீங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டது சரி.

ஒரு கணக்குச் சொல்கிறேன். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர். தாப்பா ஏறக்குறைய அடிவாரம். பத்து டன் எடை ஆயிரம் மீட்டர் கீழே இறங்கும்போது வெளிவரும் ஆற்றலை அப்படியே வெப்பமாக்கினால், மலைக் குளிரில் இருக்கும் 290 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். ஏறக்குறைய இரண்டாயிரம் கிளாஸ் தேநீர்! ரிங்லெட் அணையின் தண்ணீர் மலைக்குள் சுரங்கம் வழியாக ஜோர் மின்நிலையத்துக்கு இறங்கி மின்சாரமாகிறதே, அதே விசைதான் லோரியையும் கீழே தள்ளுகிறது. அந்தச் சூடு எங்கேயாவது போயாக வேண்டும். காலால் பிரேக்கை மட்டும் அழுத்தி வந்தால், அத்தனையும் சக்கரத்துக்குள் இருக்கும் இரும்பு டிரம்முக்குள் போகிறது. டிரம் சூட்டில் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். லைனிங் கருகிப் பிடி இழக்கும். நீங்கள் முகர்ந்த வாடை அதுதான். சிறிய லோரி என்றால் பிரேக் எண்ணெயே கொதித்து, மிதி தரை வரை போகும். காற்று பிரேக் உள்ள பெரிய லோரியில் திரும்பத் திரும்ப மிதித்தால் தொட்டியில் காற்று குறைந்துகொண்டே வரும்.

சூட்டை எஞ்சின் வாங்கிக்கொள்ளட்டும் என்பதற்குத்தான் சின்னக் கியர். என் அப்பா கொழுந்து லோரி ஓட்டியவர். சரிவு தொடங்கும் முன்பே டபுள் கிளட்ச் போட்டு இரண்டுக்கு இறக்குவார், எஞ்சின் உறுமும், காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துக் கீழே வைத்துக்கொள்வார். எனக்குப் பத்து வயதில் ஒரு நாள் வேறொருவர் ஓட்டிய லோரியில் வந்தேன். பாதி வழியில் மிதி பஞ்சு மாதிரி ஆனது. அவர் கியரைக் குறைக்கப் பார்த்தார். அந்த வேகத்தில் சின்னக் கியர் உள்ளே போகவில்லை. மேட்டுப் பக்க மண்சுவரில் உரசி நிறுத்தினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். சரிவுக்கு முன்பே கியரைக் குறைக்கிறாரா? புகைக்குழாயை அடைத்து எஞ்சினால் வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்கிறதா? இரண்டாவதற்கு இல்லை என்றால், முதலாளியிடம் அவர் பேசியே ஆக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் புஸ்பாகோம் வாகனச் சோதனைவரை காத்திருக்கும் விஷயம் இல்லை இது.

*“ஏறின கியரிலேயே இறங்கு” என்பது பழைய பாடம். இன்றும் சரியா?*
– ஓய்வு பெற்ற ஓட்டுநர், பிரிஞ்சாங்

உங்கள் காலத்து எஞ்சினுக்குச் சரி, அண்ணே. இன்றைய எஞ்சினுக்கு வலு அதிகம், பெரிய கியரிலேயே ஏறிவிடுகிறது. அதே கியரில் இறங்கினால் பிடிக்காது. ஏறியதை விட ஒன்று குறைத்து இறங்கச் சொல்லுங்கள்.

*பழைய லேண்ட் ரோவரை ஏன் இந்த மலை இன்னும் விடவில்லை?*
– மாணவி, தானா ராத்தா

கியர்பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி இருக்கிறது. அதில் குறைந்த வேக நிலையைப் போட்டால், சேற்றுச் சரிவில் முட்டைக்கோஸ் பாரத்தோடு நடைவேகத்தில் இறங்கும்.

*ஆட்டோ லோரி வாங்கினால் லாபமா?*
– லோரி உரிமையாளர், ரிங்லெட்

ஓட்டுநரின் இடது காலும் முழங்காலும் உங்களுக்கு நன்றி சொல்லும். புதிய ஓட்டுநர் கியரை நொறுக்க மாட்டார். களைப்பு குறையும், களைப்பில்லாத ஓட்டுநர் கண்ணைச் சாலையில் வைத்திருப்பார். இதெல்லாம் லாபம்தான். ஆனால் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துவிட்டு ரிட்டார்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள். பிரேக்கைத் தொடாமலே லோரியை மெதுவாக்கி, சூட்டை எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீருக்கு அனுப்பும் கருவி அது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், மேனுவல் கியரும் ரிட்டார்டரும் உள்ள லோரியை வாங்குங்கள். 2010 டிசம்பர் 20ஆம் தேதி இந்த மலையிலிருந்து இறங்கிய பேருந்து விபத்துக்குள்ளாகி 25க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2013 ஆகஸ்ட் 21ஆம் தேதி கெந்திங்கிலிருந்து இறங்கிய பேருந்தில் 37 பேர். இறக்கத்துக்கான கருவியை விலைப்பட்டியலில் கடைசி வரியாக எழுதும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

*மின்சார லோரி வந்தால் இந்தக் கவலையெல்லாம் தீருமா?*
– கல்லூரி மாணவர், ஈப்போ

பெருமளவு தீரும். இறக்கத்தில் மோட்டாரே மின்னாக்கியாகி பேட்டரியை நிரப்பும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: மலை உச்சியில் பேட்டரியை முழுதாக நிரப்பிவிட்டுக் கிளம்பினால், இறக்கத்தில் வரும் மின்சாரத்துக்கு இடமிருக்காது.

*லோரி ஓட்ட விரும்புகிறேன். எதில் பழகலாம்?*
– இளைஞர், சுங்கை பாலாஸ்

மேனுவலில். அதில் பழகியவருக்கு ஆட்டோ ஒரு வாரம். ஆட்டோவில் மட்டும் பழகியவருக்கு எஞ்சின் சத்தத்தைக் காதால் படிக்கத் தனியாகப் பழக வேண்டும்.

*அப்பா முப்பது வருடம் மேனுவல் ஓட்டியவர். அடுத்த மாதம் ஆட்டோ லோரி தருகிறார்கள். வெளியே சொல்லவில்லை, பயப்படுகிறார்.*
– மகள், ஹாபு

அம்மா, அவர் பயப்படுவது நியாயம். முப்பது வருடம் கியர் அவர் கையில் இருந்தது. லோரி வந்ததும் பாரம் ஏற்றாமல் ஒரு நாள் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். காலை ஆறரைக்கு, சாலை காலியாக இருக்கும்போது, தானா ராத்தாவிலிருந்து ஹாபு வரை கைமுறையில் இறங்கட்டும். சரிவுக்கு முன்னால் எந்த எண்ணில் நிறுத்தினால் எஞ்சின் தானே பிடிக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். பாரம் ஏற்றிய நாளில் அதை விட ஒன்றிரண்டு குறைத்து இறங்கட்டும். முதல் நாள் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து போங்கள். எண்களை எழுத ஒரு ஆள் வேண்டும்.