பாட்டி ஆன்லைனில் இருக்கிறார்

ஜூம், கூகுள் மீட், வாட்ஸ்அப் எல்லாம் செய்தவர்களுக்குத் தர்மபுரி மாவட்டத்தில் சொந்தபந்தம் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இருந்திருந்தால் ஒரு போனுக்கு ஒரு ஆள் என்று கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். முந்தைய ஆண்டு ஆகஸ்டிலேயே கல்வித் தொலைக்காட்சி தொடங்கியிருந்ததால் பாடம் அதில் ஓடியது. அது பேசும், பிள்ளைகள் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம், வாத்தியாருக்குச் சிக்கலில்லை. பிறகுதான் பென்னாகரம் பக்கத்து வாத்தியாரான நானும் மீட்டில் வகுப்பெடுக்கத் தொடங்கினேன். திரையில் தெரிந்தவை ஒரு மின்விசிறி, இரண்டு ஓட்டுக் கூரை, ஒரு நெற்றி. பையனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பாட்டி வந்தார்.

"ஆடு ஓட்டிக்கிட்டுப் போயிருக்கான் சாமி. எங்கிட்டச் சொல்லு, வந்ததும் சொல்லிடறேன்."

வேறு வழியில்லாமல் பாட்டிக்கே ஒளிச்சேர்க்கை நடத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெயில் இல்லாம ராகி வெளையாதுன்னு சொல்ல இவ்வளவு நேரமா?" என்றார். அந்தப் பருவத்தில் என்னிடம் எதிர்க்கேள்வி கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றால் முந்தின நாளே தகவல் கசிந்துவிடும். சுவரைக்கூடத் துடைத்து வைத்துவிடுவோம். ஆன்லைனில் தினமும் ஆய்வு, முன்னறிவிப்பும் கிடையாது. "அந்தக் கணக்கை ஏன் சார் சுத்தி வளைக்கறீங்க?" என்று ஒரு சித்தப்பா. "இந்த சார் சத்தமே போட மாட்டேங்கறாரே, பசங்க எப்படி பயப்படும்?" என்று முகம் தெரியாத ஒரு அம்மா. மைக்கை அணைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானும் சொல்லவில்லை, மைக் அணைந்திருந்தால் இன்னும் மோசமாக எதையாவது சொல்லியிருப்பார்.

ஊரடங்கு தளர்ந்ததும் அப்பாக்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பினார்கள். போனும் கூடவே பஸ் ஏறிவிட்டது. பையன் இங்கே, அவனுடைய வீட்டுப்பாடம் அங்கே, சென்ட்ரிங் பலகைமேல். ஒரு அறையின் சுற்றளவு என்ன என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தேன். ராத்திரி ஒரு அப்பா சிமெண்ட் சாக்குக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினார். விடை சரி. கேட்காமலே பரப்பளவும் போட்டு, டைல்ஸ் எத்தனை பெட்டி, சேதாரத்துக்கு எவ்வளவு கூடுதலாக வாங்க வேண்டும் என்பதுவரை எழுதியிருந்தார். பையனுக்கு முழு மதிப்பெண் போட்டேன். குடும்பத்தில் யாருக்காவது போட்டாக வேண்டுமே.

டவர் கிடைக்காத மலையூர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மாவட்டத்துக் கோட்டூர் மலைக்கு 2021 சட்டமன்றத் தேர்தலிலும் வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை முதுகில்தான் ஏறியது. கழுதைக்கு ரீசார்ஜ் வேண்டாம். பாடப் புத்தகத்தையும் வாத்தியாரையும் அதிலேயே ஏற்றிவிட்டிருக்கலாம் என்பது என் தாழ்மையான யோசனை.

நூலகத்துக் கதை வேறு. எங்கள் வாசகர் வட்டமும் வாட்ஸ்அப்புக்குக் குடிபெயர்ந்தது. நூலகவியலுக்கு எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வகுத்துத் தந்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. ரோஜாப்பூ, விளக்கு, 'இனிய காலை வணக்கம்' என்று எங்கள் குழு பொழுது விடிவதற்குள் அந்த விதியைத் தீர்த்துக்கட்டிவிடும். நடுவில் யாராவது புத்தகத்தின் பெயரைக் குறிப்பிட்டால், குழு மாறி அனுப்பிவிட்டாரோ என்று சந்தேகம் வரும்.

ஆனால் ஜூமுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். எங்கள் வட்டத்தில் மைக்கைப் பிடித்தால் விடாத பேச்சாளர் ஒருவர் உண்டு. நேரில் நடக்கும் கூட்டங்களில் துண்டுச்சீட்டு கொடுத்தோம். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சோடா கொடுத்தோம், குடித்துத் தெம்பாகிவிட்டார். பொன்னாடையைக்கூடப் பேச்சின் நடுவே போர்த்திப் பார்த்தோம். ஜூமின் இலவசக் கூட்டமோ நாற்பதே நிமிடத்தில், அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனியை நீட்டிய கட்டத்தில், அவரைப் பட்டென்று வெட்டியது. அவரவர் வீட்டில் கைதட்டியிருப்போம்.

நாகரிகம் கருதிப் புது லிங்க் அனுப்பினோம். முதல் ஆளாக உள்ளே வந்து தொண்டையைச் செருமினார்: "இதுவரை சொன்னது முன்னுரை."