ஃபாண்டன்ட்டும் ஐந்திணையும்

கேக்கின் மேல் போர்த்தும் ஃபாண்டன்ட் ஏன் வெடிக்கிறது, ஏன் கையை விடமாட்டேன் என்கிறது, ஏன் வியர்த்துக் கொட்டுகிறது என்ற மூன்று வினாக்களுக்கும் சமையலுலகம் தனித்தனியே விடை வைத்திருக்கிறது. வெடித்தால் பிசைந்தவர் கை சரியில்லை, ஒட்டினால் சர்க்கரை போதவில்லை, வியர்த்தால் வெயில். இக்கட்டுரை மூன்றையும் மறுக்கிறது. மார்ஷ்மெல்லோவை உருக்கி வீட்டில் செய்யும் ஃபாண்டன்ட்டின் எல்லாக் குணங்களுக்கும் காரணம் ஒன்றே, அது நீர். அந்நீரின் மிகுதியையும் குறைவையும் வகைப்படுத்த, தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் முதல், கரு, உரி என்னும் பாகுபாட்டைவிடத் தக்க கருவி எந்த பேக்கிங் வகுப்பிலும் கிடைக்காது என்பது நம் துணிபு.

கருப்பொருளிலிருந்து தொடங்குவோம். வழக்கிலுள்ள அளவு இது: மார்ஷ்மெல்லோ 450 கிராம், ஐசிங் சுகர் 900 கிராம், தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி, கையிலும் மேடையிலும் தடவிக்கொள்ள ஷார்ட்டனிங். இதில் நீர் இரண்டு கரண்டிதானே எனின், அற்றன்று. தொட்டால் உலர்ந்து தெரியும் மார்ஷ்மெல்லோவின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீர். கரண்டி நீரையும் சேர்த்தால் மொத்தம் 100 மில்லி அளவில் வருகிறது. அறை வெப்பத்தில் 100 மில்லி நீர் கரைக்கக்கூடிய சர்க்கரை சுமார் 200 கிராம். அந்த இடத்தையும் மார்ஷ்மெல்லோவின் சொந்தச் சர்க்கரையே முன்பதிவு செய்துவிடுகிறது. ஆக, நாம் கொட்டும் 900 கிராமில் பெரும்பகுதி கரையாமல், நீர்ப்பங்கு கோரி வரிசையில் நிற்கும் பொடியாகவே பாகுக்குள் கிடக்கிறது. ஐசிங் சுகரில் கட்டி தட்டாமலிருக்கக் கலக்கும் சோளமாவும் தன் பங்குக்கு நீரை உறிஞ்சும். ஜெலட்டினோ தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பேராசைக்காரன். இத்தனை பேருக்கு நடுவே ஒரு டம்ளருக்கும் குறைவான நீர். சண்டை வராவிட்டால்தான் வியப்பு. மார்ஷ்மெல்லோவின் மூதாதையைப் பார்த்தாலும் இதுவே தெளிவாகும். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மிட்டாய்க்காரர்கள் அதை ஒரு செடியின் வேர்ச்சாற்றில் செய்தார்கள். ஜெலட்டின் வந்தது பின்னால். அச்செடி வளர்வது சதுப்பு நிலத்தில். பிறந்த இடத்துப் பாசம் விடுமா?

இனி உரிப்பொருள். உருக்கிய மார்ஷ்மெல்லோவில் முக்கால்வாசிச் சர்க்கரையைச் சேர்த்துப் பிசையத் தொடங்கும் கட்டம் மருதம். உரிப்பொருள் ஊடல். வலக்கையிலிருந்து வழித்தால் இடக்கைக்குப் போகிறது. இடக்கையிலிருந்து வழித்தால் மோதிரத்துக்குள் நுழைகிறது. இங்கே பொறுமையிழந்து மீதிச் சர்க்கரை முழுவதையும் கொட்டுவோர் உளர். அது பிழை. என்னை? சர்க்கரையும் சோளமாவும் நீரை மெல்லத்தான் வாங்கும்; இப்போது ஒட்டுகிற அதே உருண்டை கொஞ்ச நேரத்தில் தானே இறுகும். ஊடல் தணிந்தபின் வருவது முல்லை. உரிப்பொருள் இருத்தல். உருண்டைக்கு மேலெல்லாம் ஷார்ட்டனிங் பூசி, க்ளிங் ராப் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் ஓரிரவு வைத்தால், ஈரமான இடத்து நீர் உலர்ந்த இடத்துக்குப் பரவுகிறது. ஜெலட்டினும் உறைந்து நிலைக்கிறது. காத்திருந்த உருண்டை மறுநாள் இழுத்தால் இழுபடும், காத்திராதது அறுந்துபோகும். அதன்பின் குறிஞ்சி, கேக்கோடு கூடல். எட்டு அங்குல அகலமும் நான்கு அங்குல உயரமும் உள்ள வட்டக் கேக்குக்கு 16 அங்குல வட்டமும் ஓரத்துக்குச் சற்று மிச்சமும் வேண்டும்; கனம் 3 மில்லிமீட்டர். போர்த்தியதும் மேல்விளிம்பைத்தான் முதலில் உள்ளங்கையால் அணைக்க வேண்டும். முழு எடையும் தொங்குவது அங்கேதான், கிழிவதும் அங்கேதான். கீழே விழும் கொசுவத்தை அமுக்கக் கூடாது; வெளியே இழுத்துப் பிரித்துப் பிறகு தடவ வேண்டும்.

நீர் குறைந்தால் இவையெல்லாம் திரிந்து பாலையாகும். உரிப்பொருள் பிரிவு, இங்கே அது விளிம்பில் வெடிப்பாகவும் மேற்பரப்பில் நுண்சுருக்கமாகவும் வெளிப்படும். நீர் மிகுந்தால் நெய்தல். உரிப்பொருள் இரங்கல், கேக் கண்ணீர் விடும். சென்னையில் இதை நிரூபிக்கத் தனிச்சோதனை தேவையில்லை. அங்கே காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை ஆண்டின் பெரும்பகுதி 20 டிகிரிக்கு மேல். 4 டிகிரி ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கேக்கை மேசையில் வைத்தவுடன் காற்று தன் ஈரத்தையெல்லாம் அதன்மேல் இறக்கிவைக்கிறது, சர்க்கரை கரைந்து பளபளக்கிறது, சாயம் வழிகிறது. அடியில் ஃப்ரெஷ் கிரீம் இருந்தால் உள்ளிருந்தும் ஊற்று. கொழுப்பு மிகுந்த பட்டர்கிரீமோ கனாஷோதான் அடியில் இருக்கவேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதனால்தான்.

காரணம் நீரன்று, வெப்பமே என்பாரும் உளர். ஜெலட்டின் 35 டிகிரியை ஒட்டி உருகிவிடும் என்பதும், சூடான கையில் ஃபாண்டன்ட் துவளும் என்பதும் மெய்யே. ஆனால் வெப்பத்தால் துவண்டது ஆறினால் மீளும். நீரிழந்து வெடித்தது எத்தனை முறை ஆறினாலும் மீளாது. இறுகிய உருண்டையைச் சில நொடி மைக்ரோவேவில் வைத்தால் இளகுவது உண்மைதான். அதையே திரும்பத் திரும்பச் செய்தால், இருந்த ஈரமும் ஆவியாகி முன்னிலும் மோசமாகும். நோய் வெப்பமாயின் மருந்து தீங்காகாது. ஷார்ட்டனிங் பூசினால் வெடிப்பு மறைகிறதே, எனவே குறை கொழுப்பில்தான் என்பார் மற்றொரு சாரார். ஷார்ட்டனிங்கில் நீரே இல்லை. அது நீரைக் கொண்டுவருவதில்லை. இருக்கும் நீர் ஓடாமல் வாசலில் காவல் நிற்கிறது. வெண்ணெய் பூசினால் கணக்கு மாறிப்போகும். அதில் ஆறில் ஒரு பங்கு நீர். கடையில் வாங்கும் ஃபாண்டன்ட் இப்பாடெல்லாம் படுத்துவதில்லையே எனின், அதில் கிளிசரினும் குளுக்கோஸ் பாகும் நீரைக் கட்டிப்போடச் சேர்க்கப்படுகின்றன. அது நம் கொள்கைக்கு மறுப்பன்று, அரண்.

அளவு துல்லியமாக இருந்தால் போதாதா என்பது அறிவுடைய கேள்வி. போதாது. முதற்பொருள் நிலமும் பொழுதும் ஆகும் என்பதை எந்த ரெசிப்பியும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏசி அறையில் 900 கிராம் அதிகம். ஐப்பசி மழையில் அதே 900 கிராம் குறைவு. கேக்கை வெட்டியதும் பாதிப் பேர் இந்தப் போர்வையை உரித்துத் தட்டோரம் ஒதுக்கிவிடுகிறார்களே, அதற்கா இவ்வளவு ஆராய்ச்சி என்போர்க்கும் ஒரு சொல்: ஒதுக்கப்படும் வரையாவது அது கிழியாமல் நிற்க வேண்டாமா?

ஆகவே பரிந்துரை மூன்று. கடைசி 100 கிராம் சர்க்கரையைக் கிண்ணத்திலேயே நிறுத்திவையுங்கள். மறுநாள் காலை உருண்டையைத் தொட்டுப் பார்த்தபின் அதைச் சேர்க்கலாமா என்று முடிவெடுங்கள். வெடித்தால் சர்க்கரையைத் தொடாதீர்கள். அரைக் கரண்டி தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். போர்த்திய கேக்கை ஃப்ரிட்ஜில் வைத்தே தீரவேண்டுமென்றால் அட்டைப்பெட்டியில் மூடி வையுங்கள். வெளியே எடுத்தபின், கேக் அறை வெப்பத்துக்கு வரும்வரை பெட்டியைத் திறக்காதீர்கள்.