பிளாக் அண்ட் ஒயிட் சித்தர்

கல்யாண மண்டபத்தில் கேன்டிட் போட்டோகிராபரைக் கண்டுபிடிப்பது சுலபம். மேடையில் நின்று "மாப்பிள்ளை சார், கொஞ்சம் சிரிங்க" என்று தொண்டை கிழியக் கத்துகிறவர் டிரடிஷனல் போட்டோகிராபர். அவர் வேறு ரகம். நம் ஆள் கேன்டிட். தாடி, கறுப்பு டி-ஷர்ட், ஏழெட்டுப் பை வைத்த பேன்ட், தோளுக்கொரு கேமரா. ஊரே தாலியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அட்சதை பொறுக்கும் குழந்தைக்கு எதிரே குப்புறப் படுத்திருப்பார். யாரையும் சிரிக்கச் சொல்ல மாட்டார். "நேச்சுரலா இருங்க" என்பார். அதைக் கேட்ட மாத்திரத்தில் பெண்ணின் சித்தப்பா, இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் விறைத்துப்போவார்.

கேன்டிட்காரர்களிலும் முற்றியவர் பிளாக் அண்ட் ஒயிட் சித்தர். உலகம் மாயை, கலர் அதைவிடப் பெரிய மாயை என்று கண்டவர். "கலர்ல எடுத்தா டிரஸ்ஸைத்தான் பார்ப்பாங்க சார். பிளாக் அண்ட் ஒயிட்லதான் எமோஷனைப் பார்ப்பாங்க" என்பது அவர் உபதேசம். கல்யாணத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் டிரஸ்ஸைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை.

சித்தரின் குரு பிரான்ஸ்காரர், கார்த்தியே பிரெஸ்ஸோன். 1950-ல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரைப் படமெடுத்தவர். கறுப்பு வெள்ளையில் அவர் சாதித்தது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆசிரமத்தில் யாரும் அவர் கையைப் பிடித்து இழுத்து, "தம்பி, சம்பந்தி வீட்டோட எங்களை ஒண்ணு எடுத்துரு, பந்திக்கு லேட்டாகுது" என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நம் சித்தரின் லட்சியம் லைகா மோனோக்ரோம். 2012-ல் வந்த கேமரா. அதற்கு நிறமே தெரியாது. நிறம் தெரிந்த அண்ணனைவிட விலை மட்டும் அதிகம். அதைப் பற்றிப் பேசும்போது சித்தரின் கண் கலங்கும்.

ஆல்பம் செலக்‌ஷன் அன்றைக்குத்தான் இருக்கிறது வேடிக்கை. மதுரைப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்தேன். ஸ்டூலில் லேப்டாப், சோபாவில் பெண்ணின் அம்மா, பக்கத்தில் அத்தை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அப்பா. முகூர்த்தப் படம் வந்தது.

"என்ன தம்பி, அந்நேரம் கரண்ட் போயிருச்சா?" என்றார் அத்தை.

"இல்லம்மா, இது மோனோக்ரோம். டைம்லெஸ்ஸா இருக்கும்."

அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "இது என்ன சேலை?"

"முகூர்த்தப் பட்டுதாம்மா."

"முகூர்த்தப் பட்டு பாட்டில் பச்சை. அரக்கு பார்டர். எங்க இருக்கு பார்டர்?"

சித்தர் விரலால் தடவிக் காட்டினார். தடவித்தான் காட்ட முடியும். பாட்டில் பச்சையும் அரக்கும் அடர்த்தியில் ஏறக்குறைய ஒன்று. நிறத்தை எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே சாம்பல். காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்யத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். மூன்று நாடா ஓட வேண்டும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று பிரித்துக் காட்டுவதற்காகவே அத்தனை பாடு. அந்தச் சேலையை எடுக்க இந்த அம்மா குடும்பத்தோடு வேன் பிடித்துப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு முழுநாளைத் தொலைத்தவர். அத்தனையையும் சித்தர் ஒரு பட்டனில் அழித்திருந்தார்.

"எங்க மாமியார் படம் இப்படித்தான் இருக்கு" என்றார் அத்தை. "மேல ஒரு சீரோ வாட்ஸ் பல்பு போட்டுட்டா சரியாப் போச்சு."

அப்பாதான் பேச்சை மாற்றக் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

நம் தாத்தா பாட்டி கறுப்பு வெள்ளையில் நின்றது கலைக்காக இல்லை. கிடைத்தது அதுதான். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் பிலிமும் பேப்பரும் போட்டுக்கொண்டிருந்த காலம். சதுரப் படத்துக்கு ஒரு ரோலில் பன்னிரண்டுதான் என்பதால் ஸ்டுடியோக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்குவார். அப்போதும் வசதியுள்ளவர்கள் சும்மா இருக்கவில்லை. தூரிகையால் சேலைக்குப் பச்சை, உதட்டுக்குச் சிவப்பு, சரிகைக்கு மஞ்சள் என்று தீட்டி வாங்கினார்கள். அன்றைக்குக் காசு கொடுத்துக் கலர் ஏற்றினோம். இன்றைக்குக் காசு கொடுத்து இறக்குகிறோம்.

சித்தர் விட மாட்டார். "உங்க தாத்தா படம் இன்னும் பளிச்சுனு இருக்கு. உங்க கல்யாணத்து கலர் ஆல்பம் வெளுத்துப்போச்சா இல்லையா?" என்பார். இந்த இடத்தில் நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் காலத்துப் படத்தில் உருவம் வெள்ளித் துகளால் ஆனது. ஒழுங்காகக் கழுவியிருந்தால் நிற்கும். எண்பதுகளின் கலர் பிரிண்டில் இருப்பது சாயம். அது மங்கி, மாப்பிள்ளை செக்கச்செவேல் என்று ஆகிவிட்டார். எல்லாம் சரி. ஆனால் சித்தர் தரும் ஆல்பத்தில் வெள்ளி ஏது? அவருடைய கறுப்பு வெள்ளையும் பெரும்பாலும் கலர் பேப்பரில்தான் பிரிண்ட் ஆகிறது, அதே வகைச் சாயத்தில். வெயிலில் பிடித்துப் பாருங்கள், லேசாகப் பச்சை அடித்தாலும் அடிக்கும்.

உள்விவகாரம் ஒன்று உண்டு. மேடை டெக்கரேஷன்காரர் ஊதாவும் மெஜந்தாவுமாக எல்இடி விளக்குகளைத் திருப்பிவிட்டிருப்பார். மணமகளின் ஒரு கன்னம் கத்திரிக்காய் நிறம், மறு கன்னம் பச்சை. எந்தச் சாஃப்ட்வேரில் போட்டாலும் தோல் தோலாக வராது. அப்படிப்பட்ட படத்தை அப்படியே கொடுத்தால் வீட்டுக்காரர்கள் பாக்கிப் பணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். கலரைக் கழற்றிவிட்டால் அது ஃபைன் ஆர்ட். சித்தர் துறந்த கலரில் கணிசமான பங்கு, திருத்த முடியாமல் துறந்தது.

அதே மதுரை வீட்டில் ஒரு படத்துக்கு மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. மறுவீடு அனுப்பும் நேரம், தூணுக்குப் பின்னால் போய் நின்று அப்பா துண்டால் கண்ணைத் துடைக்கிறார். பக்கத்தில் அடுக்கிய சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகளும், மண்டபத்து ஃப்ளெக்ஸும், நீலக் குப்பைக்கூடையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஒன்றுகூடக் கண்ணைக் குத்தவில்லை. கலரில் இருந்திருந்தால் முதலில் குப்பைக்கூடையைத்தான் பார்த்திருப்போம். "இது இருக்கட்டும் தம்பி" என்றார் அம்மா. அந்த ஒரு படத்துக்குச் சித்தர் சொன்னது நியாயம்.

ஆகவே கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு: சித்தருக்கென்று நாலைந்து படம் ஒதுக்குங்கள், அழுகைக்கும் சிரிப்புக்கும். முகூர்த்தம், சேலை, சீர்வரிசையெல்லாம் கலரில் வேண்டும் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். தப்பித் தவறிச் சாம்பலாகி வந்துவிட்டாலும் பதற வேண்டாம். கேமராவின் ரா ஃபைலில் அத்தனை நிறமும் பத்திரமாக இருக்கும். ஆனால் அடுத்த சீசனுக்காக ஹார்ட் டிஸ்க்கைக் காலி செய்துவிடுவார்கள். அதற்குள் ஒரு பென்டிரைவோடு போய் நில்லுங்கள்.