எச்சில் இலைச் சான்றியல்: சிறிய டிபன் கடைகளின் சேவைத் தரம் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கடையை மேம்படுத்த டிபன் கடை முதலாளி பலரிடம் யோசனை கேட்கிறார். சரக்கு மாஸ்டரிடம் கேட்கிறார், மச்சானிடம் கேட்கிறார், எதிர்க்கடை போர்டையும் நின்று படிக்கிறார். வாடிக்கையாளர் மனத்தில் இருப்பதைத் தினமும் கண்ணால் பார்க்கிற ஒருவரிடம் மட்டும் கேட்பதில்லை. அவர், மேசை துடைக்கும் கிளீனர். வாடிக்கையாளர் வாயால் சொல்வது உபசாரம், இலையில் விட்டுப் போவதே வாக்குமூலம் என இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

1. களமும் மாந்தரும்

ஆய்வுக் களம், பேருந்து நிலையத்தை ஒட்டி, ஆறு மேசைக்கு மேற்படாமல் நடக்கும் கடை. கல்லாவில் முதலாளி, அடுப்படியில் மாஸ்டர், வாளியோடு சப்ளையர், ஈரத்துணியோடு கிளீனர். கல்லாவுக்கும் கடைசி மேசைக்கும் பதினைந்தடி இருக்கலாம். அந்தப் பதினைந்தடியை ஒரு தகவல் கடக்கப் பல வருடம் பிடிக்கிறது. சில கடைகளில் தகவல் வந்து சேருமுன் கடையே கைமாறிவிடுகிறது.

முதலாளி கேட்காமலும் இல்லை. "டிபன் எப்படி சார் இருந்துச்சு?" என்று கேட்கத்தான் செய்கிறார். ஆனால் வாடிக்கையாளர் அப்போது ஒரு கையால் சோம்பு அள்ளிக்கொண்டு, மறு கையால் சில்லறை தேடிக்கொண்டு, காதைப் பேருந்தின் ஹாரனுக்குக் கொடுத்திருக்கிறார். "நல்லா இருந்துச்சுண்ணே" என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல அவருக்கு உறுப்பு மிச்சமில்லை.

2. முன்னோர் ஆய்வுகள்

சேவைத் தரத்தில் எங்கெங்கே இடைவெளி விழுகிறது என்று 1985இல் வகுத்துக் காட்டியவர்கள் பரசுராமன், ஸைத்தாமல், பெர்ரி ஆகிய மூவர். இவர்களில் பரசுராமன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். வாடிக்கையாளர் எதிர்பார்ப்பது ஒன்று, அவர் எதிர்பார்ப்பதாக நிர்வாகம் நினைப்பது வேறொன்று. இதுவே அவர்கள் சொன்ன முதல் இடைவெளி. மேல்தட்டுக்கும் கடைநிலை ஊழியருக்கும் நடுவே படிகள் கூடக்கூட அது அகலும் என்றார்கள். படிகளே இல்லாத ஆறு மேசைக் கடையிலும் அது அகலமாகவே இருப்பதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

1988இல் அதே மூவர் இருபத்திரண்டு கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றைத் தந்தார்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன என்று இருமுறை பதில் தர வேண்டும். ஆக நாற்பத்து நான்கு பதில்கள். முறுகல் தோசை வந்த நேரத்தில் இப்படிவத்தை நீட்டினால், பூர்த்தி செய்து முடிப்பதற்குள் தோசை நமுத்துவிடும். மதிப்பெண் குறையும். அளவுகோலே அளக்கப்படும் பொருளைக் கெடுப்பது அறிவியலுக்குப் புதிதல்ல. ஆனால் அதற்குப் பில் போடும் வழக்கம் இல்லை.

அதிருப்தியுற்றவருக்கு இரண்டு வழி என்றார் பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் (1970): விலகிப் போவது, குரல் எழுப்புவது. விசுவாசம் இருந்தால் விலகல் தள்ளிப்போகும் என்றும் சேர்த்தார். நம் களத்தில் மூன்றாவது வழி ஒன்று தென்படுகிறது: கடையில் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு, தெருவில் போய் அத்தனை பேரிடமும் சொல்வது.

3. ஆய்வு முறை

அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத் தொல்லியலாளர் வில்லியம் ரத்ஜே, 1973 முதல் டூசான் நகர வீடுகளின் குப்பையைக் கிளறி ஆராய்ந்தார். வீட்டார் குடித்ததாகச் சொன்ன பீரைவிட, குப்பையில் கிடந்த பீர் டப்பாக்கள் அதிகமாக இருந்தன. வாய் மறைத்ததைக் குப்பை காட்டிக்கொடுத்தது. அதே முறையை நாம் வாழையிலைக்குக் கொண்டுவருகிறோம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை இருப்பதால், சான்றுப் பொருளுக்குச் சட்டத்தின் துணையும் உண்டு.

4. சான்றுகளின் வகைப்பாடு

அ) நிலையான எச்சம்: கறிவேப்பிலை, பொங்கல் மிளகு, மிளகாய்க் காம்பு. எவ்வளவு உயர்ந்த சமையலிலும் இவை ஒதுக்கப்படும். இவற்றை வைத்து மாஸ்டரைக் கண்டிப்பது அநீதி.

ஆ) தொடாத சட்னி: ஒரே இலையில் என்றால் அவரவர் ருசி. அடுத்தடுத்து நான்கு இலையில் என்றால் சட்னி புளித்துவிட்டது. இச்செய்தி கிளீனருக்குக் காலை எட்டரைக்கே தெரியும். முதலாளிக்குத் தெரிவது, பத்தரைக்கு ஒருவர் சத்தம் போட்ட பிறகு.

இ) சாம்பார்த் தேக்கம்: இட்லி தீர்ந்து சாம்பார் நின்றால் குற்றம் அடுப்படியில் இல்லை. போதுமா என்று கேளாமல் ஊற்றிய வாளியில் இருக்கிறது.

ஈ) பல் பதிந்த வடை: விளக்கம் தேவையில்லை.

உ) பாதி இட்லி: அவசரப்படக் கூடாத சான்று. வாசலில் கண்டக்டர் விசில் ஊதினாரா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஊ) துடைத்த இலை: இதுவே மிகச் சிக்கலானது. பரம திருப்தியாகவும் இருக்கலாம், இரண்டாவது சாம்பார் வரவே இல்லை என்றும் இருக்கலாம். வேறுபாட்டை அறிய வாடிக்கையாளரின் விரல்களைப் பார்க்க வேண்டும். காத்திருந்தவரின் கை காய்ந்திருக்கும். 'கை காயும் நேரம்' என்பதையே சப்ளையரின் சுறுசுறுப்புக்கு அலகாகக் கொள்ளலாம். மின்விசிறிக்கு நேர்க்கீழே உட்கார்ந்தவருக்குச் சலுகை தர வேண்டும்.

5. சான்றழிப்பு

இத்துறையின் பெரிய இடையூறு, வாடிக்கையாளரின் நற்பண்பு. அவர் இலையை மடித்துவிடுகிறார். விருந்தில் தம் பக்கமாக மடித்தால் திருப்தி, துக்க வீட்டில் எதிர்ப்பக்கம் என்பது பலர் கைக்கொள்ளும் மரபு. டிபன் கடையில் எல்லோரும் பழக்கத்தில் தம் பக்கமே மடிக்கிறார்கள். உள்ளே கல்வடை இருந்தாலும் வெளியே திருப்திதான்.

'சாப்பிட்ட இலையைத் தாங்களே எடுத்துத் தொட்டியில் போடவும்' என்று எழுதி ஒட்டிய கடைகளின் நிலை இன்னும் மோசம். முதலாளிக்கு ஓர் ஆள் சம்பளம் மிச்சம். அந்தச் சம்பளத்தில் ஓர் ஆய்வாளரும் அடங்கியிருந்தார் என்பது கணக்கில் வரவில்லை.

6. ஒரு மறுப்பும் விடையும்

"கிளீனர் பையன் வடக்கத்தி, அவனிடம் என்ன கேட்பது?" என்பது முதலாளிகள் சொல்லக்கூடிய மறுப்பு. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவருக்கும் புளித்த சட்னி புளித்த சட்னிதான். அவர் விரல் நீட்டினால் போதும், வாக்கியம் அமைக்க வேண்டியதில்லை. தமிழ் தெரிந்த கிளீனர் இருந்தபோதும் யாரும் கேட்கவில்லை என்பதால், இம்மறுப்பை மொழிப் பிரச்சினையாகக் கருத இயலாது.

7. பரிந்துரைகள்

காலை வியாபாரம் ஓய்ந்ததும் முதலாளி கல்லாவை விட்டு இறங்கி, கிளீனருக்கு ஒரு டீ சொல்லி, இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: இன்றைக்கு எது திரும்பி வந்தது? எந்த மேசையிலிருந்து? கிடைத்த பதிலை வைத்து மாஸ்டரைத் திட்டக் கூடாது. திட்டினால் மறுநாள் முதல் எல்லா இலையும் சுத்தமாக வந்ததாகவே தகவல் வரும். புளித்த சட்னி பற்றி எட்டரைக்கே எச்சரித்த கிளீனருக்குத் தனியாகப் பேட்டா தரலாம். அடுத்த நான்கு பேரை இழப்பதைவிட அது மலிவு.

வாடிக்கையாளருக்கும் கடமை உண்டு. குறையைக் கல்லாவில் பொதுவாகச் சொல்லாமல், சப்ளையரிடம் சாப்பிடும்போதே பண்டத்தின் பெயரோடு சொல்ல வேண்டும். வெட்கமாக இருந்தால், இலையை மடிக்காமல் எழுந்தால் போதும்.

8. ஆய்வின் எல்லைகள்

இம்முறை பார்சலுக்குப் பொருந்தாது. அங்கே இலை வாடிக்கையாளர் வீட்டில் பிரிகிறது. ரத்ஜே வழியில் அவர் வீட்டுக் குப்பைத் தொட்டியைக் கிளற முதலாளி போனால், தரம் உயருமுன் கைகலப்பு உண்டாகும். ஆகவே பார்சல்காரரிடம் மட்டும், மறுநாள் அவர் வரும்போது வாய்விட்டுக் கேட்கலாம். வரவில்லையென்றால் கேட்க வேண்டியதில்லை. ஹிர்ஷ்மனைப் படித்தால் போதும்.