டெக்–கேபிள் புணரியல்

நிற்கும் சொல்லை நிலைமொழி என்றும் அதனோடு வந்து சேரும் சொல்லை வருமொழி என்றும் கொண்டு, இரண்டும் கூடுமிடத்தில் எழுத்துகள் படும் பாட்டை ஆராய்வது புணரியல். கூடத்து மேசையில் அசையாமல் நிற்கும் வீடியோப் பதிவுக் கருவியை நிலைமொழியாகவும், தெருக்கம்பத்திலிருந்து மொட்டைமாடிச் சுவரைத் தாண்டிச் சன்னல் இடுக்கு வழியாக நுழையும் கேபிள் ஒயரை வருமொழியாகவும் கொண்டால், தமிழ்நாட்டில் வீடுதோறும் நிகழ்ந்த ஒரு பெரும் புணர்ச்சி இலக்கணிகளின் கண்ணில் படாமலே போயிற்று என்பது விளங்கும். அப்புணர்ச்சிக்கு இரு கரைகள் உண்டு: சன் டிவி தொடங்கிய 1993 ஏப்ரல் 14 ஒன்று, கட்டணச் சேனல்களுக்குச் செட்டாப் பாக்ஸ் வேண்டும் என்ற முறை சென்னையில் நடைமுறைக்கு வந்த 2003 செப்டம்பர் 1 மற்றொன்று. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கியபோது இருந்தது ஒரே சேனல். ஒன்றைப் பார்ப்பதற்காக மற்றொன்றை இழக்கும் துயரம் இல்லாத இடத்தில், இழந்ததைப் பிடித்துவைக்கும் கருவிக்கும் வேலையில்லை.

நிலைமொழியைத் தமிழர் ‘டெக்’ என்ற ஒரே சொல்லால் வழங்கினாலும் அது இருவகைப்படும். கேசட்டை ஓட்டிக்காட்ட மட்டும் வல்லது வி.சி.பி.; ஓட்டவும் பதியவும் வல்லது வி.சி.ஆர். பின்னதன் வயிற்றில், தொலைக்காட்சிப் பெட்டியில் இருப்பதைப் போன்றே சேனலைப் பிரித்தெடுக்கும் உறுப்பாகிய ட்யூனர் ஒன்று உண்டு. வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்த தலைமுறைக்கு இந்த வேறுபாடு பொருட்டாக இருக்கவில்லை. சொந்தமாக வாங்கியவர் வீட்டில்தான், ட்யூனர் இல்லாத பெட்டிக்குக் கேபிளைச் செருகிவிட்டுப் பதிவாகவில்லையே என்று வருந்திய நிலை ஏற்பட்டது.

இயல்பு புணர்ச்சி எளிது. கேபிள் ஒயர் டெக்கின் உள்வாயிலில் நுழைகிறது. வெளிவாயிலிலிருந்து ஒரு சிறு ஒயர் புறப்பட்டுத் தொலைக்காட்சியை அடைகிறது. கேபிள்காரர் அனுப்பும் எல்லாச் சேனல்களையும் டெக் தடையின்றிக் கடத்திவிடுவதோடு, தன் கேசட்டில் ஓடும் படத்தையும் ஒரு புதிய சேனலாக, பல கருவிகளில் யு.எச்.எஃப். 36ஆம் எண்ணில், அக்கூட்டத்தோடு சேர்த்து அனுப்புகிறது. இவ்வமைப்பில் ட்யூனர் இரண்டாதலின், டெக் ஒரு சேனலைப் பதியும்போது தொலைக்காட்சி வேறொரு சேனலைக் காட்டலாம். இதுவே இப்புணர்ச்சியின் உயிர். எஞ்சியவை எல்லாம் இதனைக் கெடுப்பதற்கென்றே தோன்றியவை.

முதற்சிக்கல் பால் பற்றியது. அஃறிணைக்கு ஒன்றன்பால், பலவின்பால் ஆகிய இரண்டே உரியன என்பது தமிழிலக்கண முடிபாக இருக்க, கேபிள்காரர் ஒயர் முனையை ‘மேல்’ என்றும் ‘ஃபீமேல்’ என்றும் வழங்கி, பொருந்தாத இடத்தில் “இது ரெண்டும் மேலு, சேராது சார்” என்று தீர்ப்பும் கூறினார். இதனைத் திணைவழு என்று ஒதுக்குவதா, வழக்கு மிகுதியால் வழுவமைதியாகக் கொள்வதா என்பது தனி ஆய்வுக்குரியது. செருகியின் நடுக்கம்பி சற்று வளைந்தாலும் படம் போய்விடும் என்பதால், பால் எதுவாயினும் முனையை மெல்லப் பிடித்துச் செருகுக என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

இரண்டு உயிர்கள் நேரே சேர மாட்டா என்பதால் யகரமும் வகரமும் இடையில் உடம்படுமெய்யாக வருவதை யாவரும் அறிவர். அதுபோலக் கேபிள் ஒயரின் மின்மறுப்பு 75 ஓம் என்றும், பழைய தொலைக்காட்சிகளின் முதுகில் இரு திருகாணிகளாக இருந்த உள்வாயிலின் மின்மறுப்பு 300 ஓம் என்றும் இருந்தமையால், இரண்டும் நேரே சேர்ந்தால் அலையின் ஒரு பகுதி வந்தவழியே திரும்பிச் சென்று, திரையில் நடிகரின் தோளருகே அவருடைய மங்கலான நிழல் ஒன்றும் நடிக்கத் தொடங்கும். இரண்டுக்கும் இடையில் வரும் உடம்படுமெய் பேலன் எனப்படும் விரல் நீளப் பொருத்தி ஆகும். மின்னணுப் பொருள் கடைக்காரர்கள் அதனைச் சிறு காகிதப் பையில் போட்டுத் தர, வீட்டுக்கு வருமுன் அது தொலைந்துபோவது பெருவழக்கு.

விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். ஒரே கேபிளைக் கூடத்துக்கும் உள்ளறைக்கும் பகிர நினைத்து ஸ்பிளிட்டரை இட்டால், அலையின் ஆற்றல் பாதியாகி, அதாவது ஏட்டளவில் 3 டெசிபலும் நடைமுறையில் 3.5 டெசிபல் அளவும் குறைந்து, இரண்டு திரைகளிலும் புள்ளிகள் தோன்றும். கேபிள்காரரின் சேனல் ஒன்று டெக்கின் 36ஆம் எண்ணுக்கு அருகே அமைந்துவிட்டால் இரு படங்களும் பொருது, மீன்முள் போன்ற சாய்கோடுகளாகத் திரியும். டெக்கின் முதுகிலுள்ள சிறு திருகாணியைத் திருப்பி வேறு எண்ணுக்கு நகர்த்துவது இதற்கு மருந்து. கெடுதல் மூத்தோரால் நிகழ்வது. டெக் உறங்கும்போதும் அதனுள் இருக்கும் பெருக்கிக்கு மின்சாரம் வேண்டும் என்பதை அறியாமல், கரண்ட் பில்லை எண்ணிச் சுவர் ஸ்விட்சைப் பாட்டி அணைத்துவிட்டால், தொலைக்காட்சியிலும் படம் மங்கும் அல்லது மறையும். கேபிள்காரருக்கு ஆள் போகும்.

அற்றேல், மஞ்சள் முனையில் படமும் வெள்ளை முனையில் ஒலியும் செல்லும் ஏ.வி. ஒயரால் இத்தொல்லை தீருமே எனின், ஒருபாதியே தீரும். டெக்கிலிருந்து தொலைக்காட்சிக்குப் படத்தைத் தெளிவாகக் கொண்டுசெல்ல அது உதவுமே அன்றிக் கேபிளை டெக்குக்குள் கொண்டுவர உதவாது. பழைய பெட்டிகள் பலவற்றில் அதற்குரிய துளையும் இல்லை.

இனி, பதிவு நேரத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் டைமர் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. மின்வெட்டு வந்துபோன ஒவ்வொரு முறையும் கடிகாரம் சுழியத்துக்குத் திரும்பிக் கண்சிமிட்டியதால், நம் ஊரில் அவ்வுறுப்பு பெரும்பாலும் அணிகலனாகவே இருந்தது.

ஆய்வின் மையமான முரண்பாடு இங்கே எழுகிறது. ஒன்றைப் பார்த்துக்கொண்டே மற்றொன்றைப் பதியலாம் என்ற உயிர்விதியை எந்த வீடும் நெடுநாள் கைக்கொள்ளவில்லை. பதிவாகிறதா என்ற ஐயம் பத்து நிமிடத்துக்கொருமுறை எழுந்து, 36ஆம் எண்ணுக்குப் போய்ப் பார்க்கச் செய்தது; விளம்பரம் வரும்போது நிறுத்தி, முடிந்ததும் மீண்டும் அழுத்த ஒருவர் ரிமோட்டோடு காவலிருக்க வேண்டியிருந்தது; கேசட்டின் முதுகுப்புறத் தகடு உடைக்கப்படாமல் இருந்ததால் மகளின் திருமண வரவேற்பின் மேல் ஒரு சண்டைக்காட்சி ஏறிவிட்ட வீட்டில், அக்காவல் இருமடங்காயிற்று. எனவே பின்னர்ப் பார்ப்பதற்காகப் பதியப்பட்ட படம் முழுவதும் பதியும்போதே பார்க்கப்பட்டு, பிறகு எவராலும் பார்க்கப்படாமல் அலமாரியில் அடைந்தது. 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பின்னர்ப் பார்ப்பதற்காக வீட்டில் பதிந்துகொள்வது பதிப்புரிமை மீறலன்று என ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது; பதிந்ததைப் பின்னர்ப் பார்க்காதவரைப் பற்றி அந்நீதிமன்றத்தின் முன் வழக்கு எழவில்லை.

2003இல் வந்த செட்டாப் பாக்ஸ், கட்டணச் சேனல்களில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே அவிழ்த்துத் தந்தது. டெக்குக்குள் ட்யூனர் இருந்தும் அச்சேனல்களுக்கு அது பயனற்றதாகி, பாக்ஸ் எதைக் காட்டுகிறதோ அதையே பார்க்கவும் அதையே பதியவும் வேண்டிவந்தது. மக்கள் பத்தாண்டாகச் செய்துவந்ததே விதியாயிற்று. 2016 ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் வி.சி.ஆர். உற்பத்தியை நிறுத்தியதோடு நிலைமொழி முற்றிலும் கெட்டது. வருமொழி மட்டும் அதே இடுக்கு வழியாக வந்துகொண்டிருப்பதால், அந்தச் சன்னலை முழுதாகச் சாத்த இயலாமல் கொசு நுழையும் வீடுகள் இன்றும் உள.